பூனா ஹார்ஸின் தளபதி தாராபூர்

லெப்டினன்ட் கர்னல் அர்தேஷிர் புர்ஸோர்ஜி தாராபூர் பரம் வீர் சக்ரா பெற்ற டாங்கிப் படை அதிகாரி. போர்க்கள வீரத்துக்காக இந்தியா வழங்கும் மிக உயர்ந்த விருது அது; இதுவரை 21 பேருக்கே கிடைத்திருக்கிறது. அவர்களில் ஒரு முழு ரெஜிமென்ட்டுக்குத் தலைமை தாங்கிப் போரிட்டு அதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

1923 ஆகஸ்ட் 18 அன்று பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். புனேயில் படித்தார். 1942இல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் ராணுவத்தில் சேர்ந்தபோது கிடைத்தது காலாட்படைதான். அவர் மனமோ கவச வண்டிகள் மேல் இருந்தது. ஒரு நாள் கையெறி குண்டுப் பயிற்சியில் புதிய சிப்பாய் ஒருவர் வீசிய குண்டு பதுங்குமிடத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. தாராபூர் பாய்ந்து அதை எடுத்து வெளியே எறிந்தார். அது வெடித்துச் சிதறிய துண்டுகள் அவர் மார்பில் பாய்ந்தன. அதை நேரில் பார்த்த சமஸ்தானத் தளபதி எல் எட்ரூஸ் அவரை அழைத்துப் பாராட்டினார். அந்தச் சந்திப்பில் தாராபூர் கேட்டது கவசப் படைக்கு மாற்றல் ஒன்றைத்தான். கேட்டது கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது மேற்கு ஆசியாவில் பணியாற்றினார். ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த பின், 1951இல், 1817இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் குதிரைப் படையான பூனா ஹார்ஸுக்கு வந்தார். அப்போது அங்கே குதிரைகளின் இடத்தை டாங்கிகள் பிடித்திருந்தன. செஞ்சூரியன் டாங்கிப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கும் சென்று வந்தார்.

செஞ்சூரியனுக்குள் நான்கு பேர்: ஓட்டுநர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், கமாண்டர். மேல்மூடியை அடைத்துக்கொண்டால் கமாண்டருக்கு வெளியுலகம் சிறு கண்ணாடிகள் வழியே துண்டு துண்டாகத்தான் தெரியும். எதிரி டாங்கியை முதலில் கண்டவரே முதலில் சுடுவார்; பெரும்பாலும் பிழைப்பவரும் அவரே. அதனால் தலையை வெளியே நீட்டியபடி போரிடும் கமாண்டர்கள் உண்டு. பறக்கும் குண்டுத் துண்டுகளுக்கு அந்தத் தலைதான் முதல் இலக்கு. ரெஜிமென்ட்டின் தளபதிக்கோ தன் டாங்கியோடு மற்ற டாங்கிகளையும் வயர்லெஸ்ஸில் நடத்தும் பொறுப்பு வேறு. பின்னால் நின்று நடத்தினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். தாராபூர் முன்னால் சென்றார்.

1965 இந்திய–பாகிஸ்தான் போரில், செப்டம்பர் 11 அன்று, பாகிஸ்தானின் சியால்கோட் முனையில் பில்லோராவைப் பிடிக்கும் முக்கியத் தாக்குதல் பூனா ஹார்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. பில்லோராவுக்கும் சாவிண்டாவுக்கும் நடுவே புகுந்து பில்லோராவைப் பின்புறமிருந்து தாக்குவது திட்டம். நகர்ந்துகொண்டிருந்தபோதே வஜீர்வாலிப் பக்கமிருந்து எதிரியின் கனரக டாங்கிகள் திடீரெனப் பாய்ந்தன. தாராபூர் இடம்விட்டு நகரவில்லை. தாக்குதலைத் தாங்கி நின்று, ஒரு ஸ்குவாட்ரனோடும் காலாட்படையோடும் பில்லோரா மீது முன்னேறினார். காயம்பட்டும் சிகிச்சைக்குப் பின்னால் செல்ல மறுத்தார். அன்றே பில்லோரா வீழ்ந்தது. 14ஆம் தேதி வஜீர்வாலி. 16ஆம் தேதி ஜஸ்ஸோரனும் புத்தூர் தோக்ராந்தியும். அவருடைய டாங்கி பலமுறை அடிபட்டது. காலாட்படை சாவிண்டாவைப் பின்புறமிருந்து தாக்க வழி திறந்து வைப்பதற்காக அந்த இரண்டு இடங்களையும் விடாமல் பிடித்து நின்றார். அங்கேதான் உயிர் துறந்தார். வயது 42.

சாவிண்டா இந்தியாவின் கைக்கு வரவில்லை. சில நாட்களில் போர்நிறுத்தம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆறு நாட்களில் ஒன்பது டாங்கிகளை இழந்த ரெஜிமென்ட் எதிரியின் ஏறத்தாழ 60 டாங்கிகளை அழித்ததாக விருதுக் குறிப்பு பதிவு செய்கிறது.

தான் இறந்தால் போர்க்களத்திலேயே எரியூட்ட வேண்டும் என்று சக அதிகாரியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். பார்சி வழக்கத்தில் தகனம் கிடையாது என்பதை நினைத்தால்தான் அந்த வேண்டுகோளின் கனம் புரியும். பிரார்த்தனைப் புத்தகம் தாய்க்கு, தங்கச் சங்கிலி மனைவிக்கு, மோதிரம் மகளுக்கு, கைக்காப்பும் பேனாவும் மகனுக்கு என்று பிரித்தும் சொல்லியிருந்தார். அவர் விருப்பப்படியே களத்தில் தகனம் நடந்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1971 டிசம்பர் 16 அன்று, பசந்தர் ஆற்றுப் போரில் அதே பூனா ஹார்ஸின் 21 வயது செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால், எரியும் டாங்கியை விட்டு வெளியேற மறுத்துச் சுட்டபடியே உயிர்விட்டார். ரெஜிமென்ட்டின் இரண்டாவது பரம் வீர் சக்ரா அவருடையது.