அரபு நாட்டில் ஓர் அரையாண்டுக் கல்வி

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அரபு மொழி பயில்வோர் பலர், தம் கல்விக்காலத்தில் ஓர் அரையாண்டை அரபு நாடொன்றிலேயே கழிக்கின்றனர். முன்னர் கெய்ரோவும் டமஸ்கஸும் இவர்கள் பெரிதும் விரும்பிய நகரங்களாக விளங்கின. 2011 இல் சிரியாவில் போர் மூண்டபின் பலர் ஜோர்தானின் தலைநகராகிய அம்மானை நாடினர். மொறோக்கோவின் றபாத் நகருக்குச் செல்வோரும் உளர். எமது மாணவர்களிற் சிலரும் நாளை இவ்வழியைத் தெரிவுசெய்யக்கூடும். அங்கு கற்பவை யாவை, அவற்றால் தமிழ் கற்கும் நாம் அறியத்தக்கது யாது என்பதை இங்கு நோக்குவோம்.

அரபு எழுத்துகள் 28. அவை வலமிருந்து இடமாக எழுதப்படுகின்றன. குற்றுயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. சொல்லை அறிந்தவரே அதனைப் பிழையற வாசிப்பர். பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யொலிகளாலான வேரிலிருந்து பிறக்கின்றன. 'கிதாப்' என்பது நூல், 'காதிப்' எழுதுபவர், 'மக்தப்' அலுவலகம், 'மக்தபா' நூலகம். நான்கிற்கும் வேர் ஒன்றே. ஆங்கிலம் பேசுவோர் அரபில் தொழிலுக்கேற்ற தேர்ச்சி பெறுவதற்கு ஏறத்தாழ 2200 வகுப்பு மணித்தியாலங்கள் தேவையென அமெரிக்க அரசின் வெளிநாட்டுச் சேவைக் கல்விநிலையம் கணித்துள்ளது.

ஓர் அரையாண்டில் இத்தேர்ச்சி கிட்டாது. ஆயினும் மாணவர் அங்கு செல்வதற்குத் தக்க காரணம் உண்டு. நூல்களிலும் செய்திகளிலும் வழங்கும் அரபு 'புஸ்ஹா' எனப்படும். வீட்டிலும் சந்தையிலும் வழங்குவது 'ஆம்மிய்யா'. 'எனக்கு வேண்டும்' என்பதை நூல் வழக்கில் 'உரீது' என்பர். அம்மானில் அது 'பித்தி'. கெய்ரோவில் ஆடவர் 'ஆயிஸ்' என்பர். றபாத்தில் 'பகீத்' என்பர். வகுப்பறையில் ஈராண்டு கற்றவரும் தேநீர்க்கடையில் திகைத்து நிற்பதற்கு இதுவே காரணம். பேச்சு வழக்கைப் பேசுவோரிடையே வாழ்ந்தே பெறவேண்டியுள்ளது.

அவ்வாறு வாழும்போது பண்பாடும் உடன் வருகின்றது. 'சபாஹுல் கைர்' எனக் காலை வணக்கம் கூறுபவருக்கு 'சபாஹுன் நூர்' என மறுமொழி கூறவேண்டும். முன்னது நன்மையின் காலை. பின்னது ஒளியின் காலை. ஜோர்தானியர் விருந்தினருக்குச் சிறு கிண்ணத்தில் கசப்புக் கோப்பி வழங்குவர். போதுமெனில் கிண்ணத்தை மெல்ல அசைத்துக் காட்டுதல் வேண்டும். இன்றேல் மீண்டும் வார்ப்பர்.

அம்மான் நகரில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1948 இலும் 1967 இலும் இடம்பெயர்ந்த பாலஸ்தீனர் பெருந்தொகையாக அங்கு குடியேறினர். 'இதயம்' என்பதற்கு நூல் வழக்கில் 'கல்ப்' என்பர். அதன் முதலெழுத்து அடித்தொண்டையில் ஒலிப்பது. பாலஸ்தீன நகரத்தார் அவ்வொலியை விடுத்து 'அல்ப்' என்பர். சிற்றூரார் சிலர் அதனைச் சாதாரண ககரமாக்குவர். ஜோர்தானின் பழங்குடியினர் 'கங்கை' என்பதன் முதலொலி போல ஒலிப்பர். ஒருவர் ஒரு சொல்லை உரைத்ததும் அவர் குடும்பத்தின் பூர்வீகத்தை ஊகிக்கலாம். ஊரை இழந்தோரின் பேச்சில் ஊர் தங்கியிருக்கின்றது.

இவை தமிழர்க்குப் புதியன அல்ல. நாமும் 'வருகிறேன்' என எழுதி 'வாறன்' எனப் பேசுகின்றோம். தமிழ்நாட்டார் 'வர்றேன்' என்கின்றனர். வீட்டுத்தமிழ் ஒன்று, பாடநூல்தமிழ் வேறொன்று என மலைக்கும் மாணவர், அரபுச் சிறுவரும் இவ்வாறே இரண்டையும் கற்கின்றனர் என்பதை அறிதல் நன்று. இரண்டும் ஒரு மொழியின் இரு நிலைகளே.

பெற்றோர்களே! எழுத்துத்தமிழை எமது பாடசாலை கற்பிக்கும். ஆனால் வாரத்தில் ஒருநாள் வகுப்பினால் பேச்சுத்தமிழை ஊட்ட இயலாது. பிறமொழி மாணவர், தாம் கற்கும் மொழி ஒலிக்கும் ஒரு வீட்டைத் தேடிக் கடல் கடந்து செல்கின்றனர். எம் பிள்ளைகளுக்கு அவ்வீடு ஏற்கெனவே உண்டு. அங்கு எமது ஊர்ப்பேச்சு நாள்தோறும் ஒலிக்கவேண்டும். அது ஓயுமாயின், பின்னர் எந்த அரையாண்டுக் கல்வியும் அதனை முழுமையாக மீட்டுத் தராது.