ஊசி போட்டும் சினை பிடிக்காத மாடு: சினைப்பைக்குள் என்ன நடக்கிறது?

“டாக்டர், மாடு ராத்திரி முழுக்க கத்துது. போன வாரம்தான் சினை ஊசி போட்டோம், மறுபடியும் பருவத்துக்கு வந்துடுச்சு.”

கால்நடை மருந்தகங்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரவேண்டிய சினைப்பருவம் ஐந்து நாளில், பத்து நாளில் எனத் தாறுமாறாக வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று சினைப்பை நீர்க்கட்டி.

மாட்டுக்கும் பிசிஓடியா என்று கேட்கத் தோன்றும். பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. பெண்களுக்கு வருவதில், வளர்ச்சி பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன நுண்ணறைகள் நிறைய இருக்கும். மாட்டில் கதை வேறு. வெடித்து கருமுட்டையை வெளியே விட வேண்டிய நுண்ணறை, வெடிக்காமல் பெருத்துக்கொண்டே போகிறது. வழக்கமாக 1.5 முதல் 2 செ.மீ. அளவில் வெடிக்க வேண்டியது, 2.5 செ.மீ.யைத் தாண்டி நாள்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஏன் வெடிப்பதில்லை?

வளரும் நுண்ணறை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அது ஓர் அளவைத் தொட்டதும் மூளையின் ஹைபோதலாமஸ் ‘ஜிஎன்ஆர்எச்’ ஹார்மோனை விடும். உடனே பிட்யூட்டரி சுரப்பி ‘எல்எச்’ ஹார்மோனை மொத்தமாகக் கொட்டும். ஏறக்குறைய ஒரு நாளில் நுண்ணறை வெடிக்கும். நீர்க்கட்டி வந்த மாட்டில் ஈஸ்ட்ரோஜனுக்குக் குறைவில்லை, ஹைபோதலாமஸ்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. எல்எச் வெள்ளம் வராததால் கட்டி நின்றுவிடுகிறது.

கன்று ஈன்ற முதல் இரண்டு மாதங்களில், அதுவும் நிறையப் பால் கறக்கும் மாடுகளில்தான் இது அதிகம். தின்பதைவிடப் பாலில் போவது கூடுதல்; உடல் கொழுப்பு கரைகிறது, இன்சுலின் குறைகிறது. கருப்பைத் தொற்றும் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

எல்லா மாடும் கத்தாது என்பதுதான் சிக்கல். பல மாடுகள் பருவத்துக்கே வராமல் சும்மா இருக்கும். கட்டியின் சுவர் தடித்து புரொஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கினாலும் இதே நிலைதான். “இன்னும் பருவம் வரல, பார்ப்போம்” என்றே மாதங்கள் ஓடிவிடும். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், சுமார் 280 நாள் சினைக்காலம் போக மிச்சம் 85 நாள்தான். தவறும் ஒவ்வொரு பருவமும் மூன்று வாரத் தீவனச் செலவு. பால் வற்றிய பிறகு மாடு சந்தைக்குப் போய்விடுகிறது.

சிகிச்சை உண்டா?

உண்டு. மலக்குடல் வழியாகக் கையை விட்டுக் கட்டியை நசுக்குவது பழைய வழக்கம். ரத்தக்கசிவும் சினைப்பை ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருப்பதால் இப்போது அதைத் தவிர்க்கிறார்கள். பதிலாக ஜிஎன்ஆர்எச் ஊசி. கட்டியை உடைப்பது இதன் வேலை அல்ல. கட்டியின் சுவரைப் புரொஜெஸ்டிரோன் சுரக்கவைத்து, மூளையைப் பழைய நிலைக்குத் திருப்புவதே நோக்கம். சுமார் ஒரு வாரம் கழித்து புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் அடுத்த சில நாட்களில் பருவம் வரும். சுவர் தடித்த கட்டி என்றால் நேரடியாக இரண்டாவது ஊசியே போதும்.

ஆனால், மருந்துக்கடையில் வாங்கித் தாங்களே போடுவது கூடாது. சினையாக இருக்கும் மாட்டுக்கு புரோஸ்டாகிளாண்டின் போட்டால் கரு கலைந்துவிடும். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைத் தொடவே கூடாது.

ஈன்ற சில வாரங்களில் தோன்றும் கட்டிகளில் பல தாமாகவே மறைந்துவிடுவதும் உண்டு. ஊசியா, காத்திருப்பா என்பதைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். கன்று ஈன்ற தேதி, பருவத்துக்கு வந்த தேதிகள், ஊசி போட்ட தேதிகள் மூன்றையும் மொபைலில் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.