வெயில் இலவசம், விளக்கு இலவசமல்ல

மாற்று மின்சாரம் என்றதும் சூழல்வாதிகள் ஏன் தயங்குகிறார்கள்? கொல்கத்தா தரும் பதில்

புகைபோக்கியைக் கண்டால் முகம் சுளிக்கிறவர்கள், சோலார் பேனலையும் காற்றாலையையும் கண்டால் கைதட்டுவார்கள் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கொல்கத்தாவின் சுற்றுச்சூழல் வட்டாரங்களில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பிவிடுகிறது. 'பசுமை மின்சாரம்' என்ற முத்திரையோடு ஒரு திட்டம் வந்தால், அங்கே முதலில் எழுவது சில கேள்விகள். யாருடைய நிலத்தில்? எத்தனை கோடியில்? பழுதானால் யார் பார்ப்பது?

இந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் கண்ணால் கண்ட அனுபவம் இருக்கிறது. கொல்கத்தா 1899லேயே மின் விளக்கு பார்த்த நகரம். ஆனால் தெற்கே சுந்தரவனத் தீவுகளில் அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்தும் மண்ணெண்ணெய் விளக்குதான். அகன்ற ஆறுகளைத் தாண்டி மின்கம்பி இழுப்பது கட்டுப்படியாகாது என்று கைவிரித்துவிட்டார்கள். அதனாலேயே மாற்று மின்சாரத்தின் பரிசோதனைக் கூடமாக ஆனது சுந்தரவனம்.

முதலில் வந்தது வெயில். சாகர் தீவின் கமல்பூரில் 1996இல் 26 கிலோவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது. மேற்கு வங்கத்தின் மரபுசாரா எரிசக்தி முகமை செய்த வேலை அது. மாலையில் சில மணி நேரம் வீடுகளில் விளக்கு எரிந்தது, கடைகள் திறந்திருந்தன, பிள்ளைகள் படித்தார்கள். அதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அந்த மின்சாரம் விளக்குக்கும் டி.வி.க்கும் போதும், பம்ப்செட்டுக்கும் அரிசி மில்லுக்கும் போதாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாட்டரி மாற்ற வேண்டும். கடைசியில் ஆற்றைத் தாண்டி மின்கம்பி வந்தபோது மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கம்பியில் வந்ததோ பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம்!

அடுத்தது மரம். கொசாபாவில் 1997இல் 500 கிலோவாட் நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. விறகை முழுதாக எரிக்காமல் வாயுவாக்கி எஞ்சினை ஓட்டும் முறை. நடத்தியது உள்ளூர் கூட்டுறவுச் சங்கம். கூடவே டீசலும் வேண்டியிருந்தது. மர வாயு டீசலைக் குறைத்ததே தவிர ஒழிக்கவில்லை. இத்தகைய நிலையங்களுக்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ விறகு தேவை. அலையாத்திக் காட்டின் வாசலில் விறகுக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளரை உருவாக்கலாமா என்பது நியாயமான கேள்வி. தனியாக மரம் வளர்த்து வெட்டுவோம் என்பது பதில். அதற்கும் நிலம் வேண்டுமே!

மூன்றாவது கடல். கொசாபா பகுதியில் துர்காதுவானி என்ற கழியின் இரு முனைகளிலும் மதகு கட்டி, கடலின் ஏற்றவற்றத்தில் 3.75 மெகாவாட் எடுக்கத் திட்டமிட்டார்கள். கேட்பதற்குக் கவர்ச்சியான யோசனைதான். கணக்குப் பார்த்தபோது செலவு ரூ. 238 கோடி, அதாவது மெகாவாட்டுக்கு ரூ. 63 கோடிக்கு மேல். திட்டம் கைவிடப்பட்டது.

அதை நிறுத்தியது பணக் கணக்கு. சூழல் கணக்கும் அதற்குச் சளைத்ததல்ல. சுந்தரவனத்தின் தண்ணீர் வண்டல் சுமந்து வருவது. ஓட்டம் தடைப்பட்ட இடத்தில் படிந்துவிடும். மீன்குஞ்சுகளும் படகுகளும் போகும் வழியும் அதுவே. பிரான்சில் 1966இல் திறக்கப்பட்ட 240 மெகாவாட் ரான்ஸ் நிலையத்துக்காக, கட்டுமானக் காலத்தில் கழிமுகத்தைக் கடலிலிருந்து அடைத்தார்கள். அங்கே உயிரினங்கள் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் 10 ஆண்டுகள் பிடித்தன.

இப்போதைய மோகம் மின்சாரத்தைச் சேமித்து வைப்பது. வெயிலும் காற்றும் நினைத்த நேரத்தில் கிடைக்காது. எனவே உபரி மின்சாரத்தால் தண்ணீரை மலைமேல் ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். புருலியாவின் அயோத்தியா மலையில் இப்படி 900 மெகாவாட் நிலையம் ஏற்கெனவே இயங்குகிறது. அதே மலையில் துர்கா என்ற இடத்தில் 1,000 மெகாவாட்டுக்கு இன்னொன்று என்றபோது ஆதிவாசி கிராமத்தினர் கொல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வன உரிமைச் சட்டப்படி கிராம சபையின் ஒப்புதலை முறையாகப் பெறவில்லை என்பது அவர்கள் வாதம். 2019இல் தனி நீதிபதியின் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. வழக்கு அதோடு முடியாமல் மேல்முறையீட்டுக்குப் போனது. காட்டை வெட்டித்தான் பசுமை வர வேண்டுமா என்பது அங்கே வெறும் பட்டிமன்றத் தலைப்பல்ல.

மறுதரப்பின் பேச்சையும் தள்ளிவிட முடியாது. நிலக்கரிப் புகையால் பூமி சூடேறிக் கடல் உயர்ந்தால் முதலில் மூழ்கப்போவது சுந்தரவனம்தான். கோராமாரா தீவு கண்ணெதிரே கரைந்து வருகிறது. 2009இல் ஐலா புயல் கரைகளை உடைத்து வயல்களில் உப்பு நீரை நிரப்பியது. 2020இல் அம்பன் புயலுக்குப் பிறகு கொல்கத்தாவின் பல பகுதிகளே நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கம்பிகள் சாய்ந்த ஊரில் கூரைமேல் தப்பிய ஒரு சோலார் பேனலின் அருமை தெரியும்.

சந்தேகப்படுகிறவர்களும் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் சொல்வது இரண்டு. ஒன்று, முதலில் சிக்கனம். 2008இல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, அன்றைய ஆளுநரும் ராஜாஜியின் பேரனுமான கோபாலகிருஷ்ண காந்தி, ராஜ்பவனில் தினமும் குறிப்பிட்ட நேரம் தானாகவே மின்சாரத்தை நிறுத்தினார். அதை அரசியல் என்று விமர்சித்தவர்கள் உண்டு. ஆனால் செலவழிக்காத யூனிட்டுக்கு மதகும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம்.

இரண்டாவது, ஏற்கெனவே வேலை செய்யும் வெயிலைக் காப்பாற்றுவது. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. நகரத்தின் சாக்கடை நீர் அங்குள்ள ஆழமில்லாத குளங்களில் தேங்க, வெயிலில் பாசி வளர, கழிவு மீனுக்கு உணவாகிறது. மோட்டாரும் வேண்டாம், மின் கட்டணமும் இல்லை. 2018இல் மறைந்த துருவஜோதி கோஷ் இந்த அதிசயத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார்; 2002இல் அது ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. அந்த நிலம்தான் இன்று கட்டடங்களுக்கு இரையாகும் அபாயத்தில் இருக்கிறது. அது அழிந்தால் அதே வேலையைச் செய்யச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட வேண்டும். அவற்றை ஓட்ட மின்சாரம் வேண்டும்.

அந்த மின்சாரத்தையும் பசுமை மின்சாரமாகவே தருகிறோம் என்று அப்போது யாராவது ஒரு திட்டத்தோடு வரக்கூடும்.