தொத்து நோய்க் காலத்தில் கிராமத்தார் வைக்க வேண்டிய கணக்கு

தொத்து வியாதி தானாக ஊருக்குள் வருவதில்லை. போய் வரும் மனிதரோடு வருகிறது. ஆகவே யார், எங்கே, எப்பொழுது, எவருடன் இருந்தார் என்னும் கணக்கே அதனைத் தடுப்பதற்கு முதற் சாதனமாகும். 2020-ஆம் வருஷத்துக் கொரோனா நோயின்போது கோயம்பேட்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்க உதாரணம்.

சென்னை கோயம்பேடு சந்தைக்குப் பல ஜில்லாக்களிலிருந்தும் காய்கறி லாரிகள் செல்வதும், சுமை தூக்கும் வேலைக்காகக் கிராமத்தார் அங்குத் தங்குவதும் வழக்கம். அவ்வருஷம் அங்கு நோய் பரவி, மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அதற்குள் வேலையாட்களிற் பலர் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களிலுள்ள தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டனர். முந்திய தினமாகிய மே 4-ஆம் தேதி கடலூர் ஜில்லாவில் மட்டும் 122 பேருக்கு நோய் உறுதியாயிற்று. நோய்க்குறி சிறிதுமில்லாதோரும் அவர்களுள் இருந்தமையால், பார்வையால் ஒருவரைப் பிரித்தறிய வழியில்லை. போக்குவரத்துக் கணக்கே வழிகாட்டியாயிற்று. சென்னை–சேலம் பாதை மேலுள்ள சின்னசேலம் வட்டத்தாருக்கும் இப்படிப்பினை உரியதே.

அபாயத்தை மதிக்கும் விதம்

கேட்க வேண்டியவை மூன்று: எவ்வளவு அருகில் இருந்தார்? எவ்வளவு நேரம் இருந்தார்? இடம் திறந்த வெளியா, அடைத்த இடமா? நோயாளியின் வீட்டாரும், லாரியின் முன்னறையில் இரவெல்லாம் உடனிருந்தவரும் மிகுந்த அபாயத்துக்குட்பட்டவர். மூன்றடிக்குள் கால்மணி நேரம் பேசியிருந்தவரும் அவ்வகையினரே. தெருவில் எதிர்ப்பட்டுச் சென்றவருக்கு அபாயம் சொற்பம். மூட்டைகளைத் தொட்டதனால் நேரும் அபாயமும் சொற்பமே; ஆதலால் விளைபொருளைக் குப்பையிற் கொட்டுதல் வீண் நஷ்டமாகும்.

நோய்க்குறி தோன்றுவதற்கு 2 நாள் முன்னரே கொரோனா பிறரைத் தொற்றும். எனவே கணக்கை அந்நாளிலிருந்து தொடங்க வேண்டும். உடனிருந்தோரைக் கடைசியாகச் சந்தித்த நாள் முதல் 14 நாள் தனித்திருக்கச் செய்து கவனிப்பது அக்காலத்து விதியாக இருந்தது.

குறிப்புப் புஸ்தகம்

பாரம் அனுப்பும் ஒவ்வொரு நிலக்காரரும் தேதி, வண்டி எண், ஓட்டியவர், உடன் சென்றவர், இறக்கிய மண்டி, திரும்பிய நாள் ஆகிய ஆறையும் ஒரு சிறு புஸ்தகத்திற் குறித்து வருவாராக. நோய் தோன்றின் கிராம நிர்வாக அலுவலரும் சுகாதார ஊழியரும் பல நாள் விசாரித்து அறிவதை அது ஒரு நாழிகையில் காட்டிவிடும்.

ஆயினும் மனிதர் மறைத்தால் புஸ்தகம் பயன்படாது. பெயர் சொன்னவரை ஊரார் இழிவுபடுத்தினால் அடுத்தவர் வாய் திறவார். தனித்திருப்பவருடைய மாட்டுக்குத் தீனியும், பயிருக்குத் தண்ணீரும், கூலியாளாயின் அவர் வீட்டுக்கு அரிசியும் கிடைக்க நிலக்காரர்கள் ஏற்பாடு செய்தல் வேண்டும். இல்லையேல் அவர் இரவில் கிணற்றடிக்கு வந்தே தீருவார். அவருக்குச் செய்யும் உதவி தருமம் மட்டுமன்று, ஊருக்கிடும் வேலியுமாகும்.

கோமாரி கண்ட காலத்திலும் இம்முறையே ஏற்றது. சந்தையில் வாங்கிய மாடு எந்தத் தொழுவத்திற் கட்டப்பட்டது, எந்தத் தொட்டியில் நீர் குடித்தது என்பதை அறிந்து, அத்தொழுவத்து மாடுகளைப் பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிப்பது நலம்.