உண்மையைச் சொன்னால் உத்தியோகம் போகுமா?

திருவண்ணாமலையில் பவுர்ணமி கழிந்ததும் ஒரு காட்சியைக் காணலாம். அண்ணாமலையார் கோவிலில் உண்டியல் காணிக்கை எண்ணும் காட்சி!

நோட்டு ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம். தங்கமும் வெள்ளியும் தனி. சுற்றிலும் அறநிலையத் துறை அதிகாரிகள், வங்கி ஊழியர்கள், தொண்டர்கள். மேலே காமிரா. கிரிவலம் வந்த மக்கள் போட்ட காசு அது. ஒருவர் கையை இன்னொருவர் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

சுவாமியின் பணத்துக்கு இத்தனை காவல்! சர்க்கார் பணத்துக்கு?

அதுவும் மக்கள் போட்ட காசுதான். ஆனால் அது காகிதத்தில் ஓடுகிறது. போடாத ரோட்டுக்குப் பில் எழுதலாம். வராத சாமானுக்கு ரசீது போடலாம். எந்த ஊர்க் காரியாலயமாக இருந்தாலும், இப்படித் தப்பு நடந்தால் முதலில் தெரிவது யாருக்கு? போலீசுக்கு அல்ல. அடுத்த நாற்காலியில் இருக்கும் குமாஸ்தாவுக்கு!

அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்கிறார். “நமக்கேன் வம்பு? பிள்ளைகுட்டிக்காரர் நீங்கள்” என்கிறாள் அந்த அம்மாள். அவள் சொல்வதும் நியாயந்தானே! மாற்றல் வந்தால் பள்ளிக்கூடம் மாற வேண்டும். வேலை போனால் அடுப்பு அணைந்துவிடும்.

அதனால் பலர் மொட்டைக் கடிதம் எழுதுகிறார்கள். பெயர் இல்லாத கடிதத்தை யார் மதிப்பார்கள்? பெரும்பாலும் அது குப்பைக் கூடைக்குப் போகிறது. பெயர் போட்டு எழுதினால் என்ன ஆகும்? அதற்கு ஒரு சோகக் கதை இருக்கிறது.

என்ஜினீயர் எழுதிய கடிதம்

சத்யேந்திர துபே பீகாரில் சிவான் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து என்ஜினீயர் ஆனார். டில்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா நான்கையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலை வேலையில் 2002-ல் சேர்ந்தார். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கோடர்மாவில் அவருக்கு வேலை.

அங்கே அவர் கண்டது என்ன? பெரிய கம்பெனி கான்ட்ராக்ட் எடுக்கிறது. வேலையைச் சின்னக் கான்ட்ராக்டர்களுக்குக் கைமாற்றி விடுகிறது. சாலையில் தரம் இல்லை. துபே விடவில்லை. மட்டமாகப் போட்ட சாலையைப் பெயர்த்து மறுபடியும் போட வைத்தார்.

2002 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய்க்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். மொட்டைக் கடிதம் என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்று தம் விவரத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்தார். ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். பிழை இல்லாத யோசனைதான்.

ஆனால் நடந்தது வேறு! அந்தத் தாளும் கடிதத்தோடு சேர்ந்து காரியாலயம் காரியாலயமாகப் பயணம் செய்தது. பைலில் கையெழுத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. பெயர் அம்பலமானது.

2003 நவம்பர் 27. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கயா ஸ்டேஷனில் இறங்கினார் துபே. விடியாத நேரம். ரிக்‌ஷாவில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30.

இது வழிப்பறிக்காரர்கள் செய்த கொலை என்றது சி.பி.ஐ. 2010-ல் பாட்னா கோர்ட்டு 3 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து ஆயுள் தண்டனை விதித்தது. என்றாலும், “ரகசியமாக வை என்று சொன்னவர் பெயரை வெளியே விட்டது யார்?” என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2004 ஏப்ரலில் மத்திய சர்க்கார் ஒரு தீர்மானம் வெளியிட்டது. தப்பைச் சொல்லும் ஊழியரின் பெயரைக் காக்கும் பொறுப்பு மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு அளிக்கப்பட்டது.

இந்த ஆணையம் பிறந்ததில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு. தஞ்சை ஜில்லாக்காரரான கே. சந்தானம் தலைமையில், ஊழலை ஒழிக்க வழி காண 1962-ல் ஒரு கமிட்டி அமைந்தது. அதன் யோசனைப்படி 1964-ல் ஆணையம் ஏற்பட்டது.

தீர்மானம் வந்தது, ஆபத்து போகவில்லை

மஞ்சுநாத் என்ற இளைஞர் கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். இந்தியன் ஆயில் கம்பெனி அதிகாரி. உத்தரப் பிரதேசத்தில் கலப்படம் செய்த பெட்ரோல் பங்குக்குச் சீல் வைத்தார். 2005 நவம்பரில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தமிழ்நாட்டில்? 2012 மே மாதம், மதுரை கலெக்டராக இருந்த சகாயம், கிரானைட் வெட்டியதில் சர்க்காருக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று அறிக்கை அனுப்பினார். அதே மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. கோ-ஆப்டெக்சுக்கு! ஆனால் அறிக்கை சாகவில்லை. 2014-ல் சென்னை ஐகோர்ட்டு அவரையே விசாரணைக் கமிஷனராக நியமித்தது. கலெக்டருக்கே இந்தக் கதி என்றால் குமாஸ்தா யோசிக்க மாட்டாரா?

அவருக்காகத்தான் 2014-ல் நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. ஜனாதிபதியும் ஒப்புதல் கொடுத்தார். அமலுக்கு வரும் தேதி மட்டும் அறிவிக்கப்படவில்லை! பத்து ஆண்டு கடந்தும் அது ஏட்டிலேயே தூங்கியது. வெட்கப்பட வேண்டிய தூக்கம்.

சிவந்த விரல்

சரி, கையில் இருக்கும் வழி என்ன?

மாநில சர்க்கார் காரியாலயத்தில் லஞ்சம் என்றால் லஞ்ச ஒழிப்புப் போலீசிடம் போகலாம். திருவண்ணாமலையிலும் அவர்கள் இருக்கிறார்கள். நோட்டுகளின் நம்பரைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடியைத் தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறிவிடும். அதைப் புட்டியில் அடைத்துச் சீல் வைத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள்.

வற்புறுத்தலால் லஞ்சம் கொடுத்துவிட்டவரும் பயப்பட வேண்டாம். 7 நாளுக்குள் புகார் செய்தால் கொடுத்தது குற்றமாகாது. 2018-ல் சட்டத்தில் சேர்த்த பிரிவு இது.

டில்லிக்குப் போகும் உறை

தபால், ரயில், தேசிய நெடுஞ்சாலை, எல்.ஐ.சி., தேசிய வங்கிகள்: இவை மத்திய சர்க்காரைச் சேர்ந்தவை. இங்கே நடக்கும் ஊழலை டில்லியில் உள்ள மத்திய கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு எழுதலாம்.

கடிதத்தை உறையில் போட்டு நன்றாக ஒட்ட வேண்டும். பொதுநலன் கருதிச் செய்யும் புகார் என்று உறை மேல் குறிக்க வேண்டும். ‘பி.ஐ.டி.பி.ஐ.’ என்று எழுதினாலும் போதும். அனுப்புகிறவர் பெயரை உறை மேல் எழுதவே கூடாது! பெயரும் விலாசமும் உள்ளே இருக்கட்டும். மொட்டைக் கடிதத்தை இந்த வழியில் ஏற்க மாட்டார்கள். பெயரை மறைத்துவிட்டு விஷயத்தை மட்டும் விசாரணைக்கு அனுப்புவார்கள்.

என்ன எழுதுவது? தேதி, தொகை, பைல் நம்பர். கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ‘எனக்குப் பிரமோஷன் தரவில்லை’ என்ற சொந்தக் குறைக்கு இங்கே இடமில்லை. வேண்டாதவர் மேல் சேற்றை வாரி இறைத்தால் எழுதியவர் மீதே நடவடிக்கை வரும்.

புகார் செய்ததற்காக மேலதிகாரி பழிவாங்கினால், அதையும் ஆணையத்திடமே முறையிடலாம். தடுக்கும்படி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு.

கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லையே என்று பலர் தவிப்பார்கள். கிடைத்தது என்று ஆணையம் பதில் எழுதாது. மறுபடி எழுத வேண்டாம் என்றும் சொல்கிறது. டில்லி முத்திரை குத்திய கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் அல்லவா?