வலி தணிப்பு மையம்: பார்த்து, கேட்டுச் சேருங்கள்

"இனி இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அழைத்துப் போங்கள்."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இப்படிச் சொல்லிவிடுகிறார். வீட்டார் திகைத்துப் போகிறார்கள். நோயாளிக்குப் புற்றுநோய். நோய் முற்றிவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. கரண்டு வைத்தும் ஆயிற்று. வீட்டில் இருந்த நகையும் போயிற்று. இனி என்ன செய்வது?

நோயைக் குணமாக்க மருந்து இல்லாமல் இருக்கலாம். ஆனால் வலியைக் குறைக்க மருந்து உண்டு. வாந்தியை நிறுத்த மருந்து உண்டு. மூச்சுத் திணறலைத் தணிக்க வழி உண்டு. புண்ணைச் சுத்தமாக வைத்திருக்க வழி உண்டு. ஆகவே "ஒன்றும் இல்லை" என்ற பேச்சு சரியான பேச்சு அல்ல.

இந்த வேலைக்கென்றே நம் நாட்டில் சில இடங்கள் இருக்கின்றன. இவற்றை வலி தணிப்பு மையம் என்று சொல்லலாம். பாலியேட்டிவ் மையம் என்றும் சொல்கிறார்கள். நோயாளி கடைசி நாட்களில் தங்கும் இல்லத்துக்கு ஹாஸ்பைஸ் என்று பெயர். புற்றுநோயாளிகள் மட்டும்தான் போகலாம் என்பது இல்லை. பக்கவாதத்தில் படுத்தவர், சிறுநீரகம் கெட்டவர், முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாதவர், இவர்களுக்கும் இங்கே உதவி கிடைக்கும். சாகும் நேரத்தில்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. வேறு சிகிச்சை நடக்கும்போதே வலிக்காக இங்கே போகலாம்.

மும்பையில் 1986-இல் சாந்தி அவேதனா என்ற இல்லம் தொடங்கியது. நம் நாட்டின் முதல் ஹாஸ்பைஸ் அதுதான். பிறகு 1993-இல் கேரளத்தில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய மையம் தொடங்கியது. டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் அதைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத நோயாளிகள் பலர் இருந்தார்கள். அதனால் மையமே அவர்கள் வீட்டுக்குப் போயிற்று. ஊர் மக்களும் பயிற்சி பெற்றுக் கூடப் போனார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. இன்று அங்கே கிராம ஊராட்சிகளே நர்ஸை அமர்த்தி வீடு வீடாக அனுப்புகின்றன. தில்லியில் கேன்சப்போர்ட், பெங்களூரில் கருணாஸ்ரயா போன்ற அமைப்புகளும் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கின்றன.

ஆனால் எல்லா மாநிலமும் கேரளம் அல்ல. பல மாவட்டங்களில் ஒரு மையம்கூட இல்லை. இருக்கும் மையங்களும் ஒரே தரத்தில் இல்லை. சில இடங்களில் உண்மையான கவனிப்பு இருக்கும். சில இடங்களில் பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கும். அதனால்தான் பார்த்து, கேட்டுச் சேர்க்க வேண்டும்.

முதல் கேள்வி: மார்ஃபின் இருக்கிறதா?

பளிங்குத் தரையைப் பார்க்க வேண்டாம். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்க வேண்டாம். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். "உங்களிடம் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா?"

புற்றுநோயின் கடுமையான வலிக்கு மார்ஃபின் நல்ல மருந்து. விலையும் குறைவு. வாய் வழியாகச் சாப்பிடும் மாத்திரை. ஊசி தேவையில்லை. இது அபினியிலிருந்து எடுக்கப்படுகிறது. அபினி கசகசாச் செடியின் காயிலிருந்து கிடைக்கிறது. குழம்புக்கு அரைக்கிறோமே, அந்தக் கசகசா இதே செடியின் விதைதான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. வேடிக்கை என்பதைவிடக் கொடுமை என்று சொல்லலாம். அபினி விளையும் நாட்டில் நோயாளிகள் வலியில் துடித்தார்கள். காரணம் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம். போதை வியாபாரத்தைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனால் அது நோயாளியின் மருந்துக்கும் குறுக்கே நின்றது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்குவதற்குப் பல அனுமதிகள் தேவைப்பட்டன. ஓர் அனுமதி வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகும். பல மருத்துவமனைகள் நமக்கு ஏன் வம்பு என்று விட்டுவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி இருந்தால் போதும். அப்படி இருந்தும் சில மையங்கள் அந்த அனுமதியை வாங்காமல் இருக்கின்றன. அதற்குச் சட்டத்தைச் சாக்குச் சொல்ல முடியாது.

மார்ஃபின் இல்லாத மையம் கெட்ட மையம் என்று உடனே சொல்ல வேண்டாம். "எங்களிடம் இல்லை, இன்ன ஆஸ்பத்திரியில் வாங்கித் தருகிறோம்" என்று சொன்னால் சரி. "அதெல்லாம் போதை மருந்து, நாங்கள் கொடுப்பதில்லை" என்று சொன்னால் யோசியுங்கள். அவர்களுக்கு வலி பற்றித் தெரியவில்லை. டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமை ஆவது மிகவும் அரிது. இந்த மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் செத்துப்போவார்கள் என்ற பயமும் ஊரில் உண்டு. சரியான அளவில் கொடுத்தால் அப்படி ஆவதில்லை. வலி குறைந்ததும் பல நோயாளிகள் தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பேரக் குழந்தையோடு பேசுகிறார்கள்.

மருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நோயாளி கத்திய பிறகு கொடுப்பது சரியான முறை அல்ல. நடுவில் வலி வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லித் தர வேண்டும். இன்னொரு சின்னப் பரீட்சை இருக்கிறது. மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் வரும். ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். ஆகவே மலம் இளக்கும் மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காத மையத்துக்கு வேலை சரியாகத் தெரியாது.

வலி எவ்வளவு என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். "வலியே இல்லை என்றால் 0. தாங்கவே முடியாது என்றால் 10. இப்போது எவ்வளவு?" என்று நர்ஸ் கேட்பார். எண் சொல்லத் தெரியாதவருக்குச் சிரிக்கும் முகம், அழும் முகம் போட்ட படத்தைக் காட்டுவார்கள். நோயாளியைக் கேட்காமல் மகனை மட்டும் கேட்டு மருந்து எழுதினால் அது அரைகுறை வேலை.

இரவு 2 மணிக்கு யார் வருவார்கள்?

வலி நேரம் பார்த்து வராது. பகலில் சும்மா இருந்துவிட்டு நடு இரவில் வரும். மையத்தில் கேளுங்கள்: "இரவில் போன் செய்தால் யார் எடுப்பார்கள்?" ஒரு நர்ஸ் எடுத்து, எந்த மாத்திரையை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொன்னாலே பாதி பயம் போய்விடும். "காலை 10 மணிக்குமேல் வாருங்கள்" என்று சொல்கிற மையத்தால் அந்த இரவைத் தாண்ட முடியாது.

வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா? எத்தனை நாளுக்கு ஒரு முறை? எவ்வளவு தூரம் வருவார்கள்? டாக்டரும் வருவாரா, நர்ஸ் மட்டுமா? இதையெல்லாம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். நர்ஸ் வருவது மட்டும் போதாது. அவர் வீட்டாருக்கும் வேலை கற்றுக் கொடுக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை எப்படிப் புரட்டுவது, வாயை எப்படிச் சுத்தம் செய்வது, மூத்திரக் குழாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று காட்டித் தர வேண்டும். சில புற்றுப் புண்களில் நாற்றம் வரும். அந்த நாற்றத்தால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. நோயாளிக்கு வலியைவிட அதுவே பெரிய வேதனை. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவினால் நாற்றம் குறையும். மலிவான வழி. இதை நர்ஸ் பார்த்துச் சொன்னபடிதான் செய்ய வேண்டும். நல்ல மையத்து நர்ஸுக்கு இது நன்றாகத் தெரியும்.

இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தால்

தங்கும் இல்லம் என்றால் சொல்லாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள். சாப்பாட்டு நேரம் நல்ல நேரம். தானாகச் சாப்பிட முடியாதவருக்கு யாராவது ஊட்டுகிறார்களா? தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களா? தண்ணீர் கைக்கு எட்டுகிறதா? நோயாளியின் நகத்தையும் உதட்டையும் பாருங்கள். துணி மாற்றும்போது திரை போடுகிறார்களா? முதுகில் படுக்கைப் புண் எத்தனை பேருக்கு இருக்கிறது, அதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். சிலர் புண்ணோடுதான் வந்து சேருவார்கள். புண் இருப்பது குற்றம் அல்ல. அதைக் கவனிக்காமல் விடுவதுதான் குற்றம்.

வீட்டார் வந்து பார்க்கத் தடை போடும் இல்லம் வேண்டாம். கடைசி நாளில் மகள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எங்கள் சாமியைக் கும்பிட்டால்தான் இடம் என்று சொல்லும் இல்லமும் வேண்டாம்.

பேச்சையும் கவனியுங்கள். "நாங்கள் குணமாக்கிவிடுவோம்" என்று ஒரு மையம் சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அது பணத்துக்காகச் சொல்லும் பொய். "பொழைக்காது" என்று நோயாளியின் காதில் விழும்படி சொல்வதும் தவறு. நல்ல மையத்தில் முதலில் நோயாளியையே கேட்பார்கள். "உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் அம்மா?" என்று கேட்பார்கள். அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள். கேட்காவிட்டால் திணிக்க மாட்டார்கள்.

பணமும் கையெழுத்தும்

மேலே சொன்ன மும்பை, தில்லி, பெங்களூர் அமைப்புகள் நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. நன்கொடையில் நடக்கின்றன. ஆனால் பணம் வாங்குகிற மையம் எல்லாம் மோசம் என்று நினைக்க வேண்டாம். எதற்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ரசீது தர வேண்டும். தண்ணீர் மெத்தைக்கு வாடகை உண்டா? ஆக்சிஜனுக்குத் தனியா? முன்பணம் திரும்பி வருமா? இதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

சேரும்போது பாரத்தில் கையெழுத்து கேட்பார்கள். அவசரப்படாமல் படியுங்கள். புரியாத இடத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள்.

ஒரு மையத்தைப் பற்றி அந்த மையத்திலேயே கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஏற்கெனவே அங்கே போன குடும்பத்தைத் தேடிக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேளுங்கள். நோயைப் பார்த்த பெரிய ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம். "அவர்கள் வரச் சொன்ன நாளில் வந்தார்களா?" என்பது நல்ல கேள்வி. அதற்குக் கிடைக்கும் பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

சேர்த்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், வலி எண், மலம் போன நாள், இந்த மூன்றை மட்டும் எழுதினால் போதும். வலி 8 என்று இருந்தது. மூன்று நாள் ஆகியும் 8-தான் என்றால் நோட்டைக் காட்டிக் கேளுங்கள். "சிஸ்டர், அம்மா மூன்று நாளாகத் தூங்கவே இல்லை. மருந்தை மாற்ற வேண்டாமா?" நல்ல நர்ஸ் கோபப்பட மாட்டார். டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றுவார். கோபப்பட்டால், பதிலும் வராவிட்டால், வேறு மையம் பார்க்கலாம். சேர்த்துவிட்டோமே என்று கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. இதைக் கேட்க யாருக்கும் மனம் வராது. நோயாளி இறந்த பிறகு மையம் என்ன செய்யும்? மிச்சமுள்ள மார்ஃபின் மாத்திரைகளை வீட்டில் வைக்கக் கூடாது. எண்ணி மையத்திடம் திருப்பித் தர வேண்டும். அதை வாங்க ஆள் அனுப்புகிற மையங்கள் உண்டு. காரியம் முடிந்து சில நாள் கழித்து அதே நர்ஸ் வருவார். மாத்திரையை எண்ணி வாங்குவார். தண்ணீர் மெத்தையை மடித்து எடுத்துக்கொள்வார். பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து, "நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.