சம்பளம் 22,000: மளிகைக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

இன்னிக்கு எபிசோட்ல மளிகை பட்ஜெட். "சம்பளத்துல எத்தனை சதவீதம் ஒதுக்கணும்?"னுதான் எல்லாரும் கேக்குறீங்க. சதவீதத்துல ஆரம்பிக்கவே வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

வெளிநாட்டு வீடியோக்கள்ல சொல்ற 10, 15 சதவீதமெல்லாம் நமக்கு ஒத்துவராது. 2023-24 மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புப்படி, இந்திய நகரங்கள்ல ஒரு குடும்பம் செலவழிக்கிற 100 ரூபாயில் கிட்டத்தட்ட 40 சாப்பாட்டுக்கே போகுது. கிராமத்துல 47. வருமானம் குறையக் குறைய இந்தப் பங்கு கூடும். எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857-லேயே எழுதி வச்சது இது. அதனால பங்கு அதிகமா இருக்கேன்னு குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஒரு கணக்கு போடுவோம். நாலு பேர், வருமானம் 22,000. வாடகை 5,500, குழு லோன் தவணை 3,500, ஸ்கூல் 2,000, பஸ்-போன்-கரண்ட்-சிலிண்டர் 2,500, மருந்துக்கு 500. மிச்சம் 8,000.

இந்த 8,000-மும் மளிகைக்குன்னு நினைச்சாதான் சிக்கலே. பால் பாக்கெட் 25 ரூபாய்னு வச்சா, தினம் ரெண்டு, மாசம் 1,500. காய்கறி, முட்டைக்கு நாளைக்கு 70, அது 2,100. தினமும் சில்லறையா போறதால கண்ணுக்கே தெரியாது. ஆக, மளிகைக்கு உண்மையில் 4,400-தான்.

இப்போ லிஸ்ட்டை ரூபாயில் எழுதாம கிலோவில் எழுதுங்க: துவரை எவ்வளவு, எண்ணெய் எத்தனை லிட்டர். விலை மாறும், வீட்டுத் தேவை அவ்வளவா மாறாது. முதல்ல ரேஷனைக் கழிங்க. அரிசி கார்டுக்கு அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. இந்தப் பருப்பும் எண்ணெயும் வெளியில வாங்கினா 200-ஐத் தாண்டும். சோத்துக்குப் பிடிக்கலைன்னா அந்தப் புழுங்கலை இட்லி மாவுக்கு ஊறப் போடுங்க.

அப்பவும் தொகை இடிக்குதா? பிஸ்கட், நூடுல்ஸ், பால்ல கலக்குற டப்பா பவுடர், இதுலதான் முதல்ல கை வைக்கணும். பல வீட்டுல பருப்பையும் முட்டையையும் குறைச்சிட்டு பிஸ்கட்டை விட்டுடுறாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்லை, வளர்ற பிள்ளைங்க இருக்கிற வீட்டுல அது வயித்துல அடிக்கிற சிக்கனம்.

தினக்கூலியா? நல்லா வேலை கிடைச்ச மாசத்தை வச்சுத் திட்டம் போடாதீங்க. கடந்த ஆறு மாசத்துல குறைஞ்ச வருமானம் எதுவோ, அதுதான் உங்க சம்பளம். அதுக்கு மேல வந்த மாசம், அண்ணாச்சி கடை நோட்டுல இருக்கிற பாக்கியை முதல்ல அடைங்க. பாக்கி நிக்கிற வரைக்கும் வேற கடையில விலை கேக்கக்கூட நமக்குத் தயக்கமா இருக்கும். அப்புறம் தீபாவளி மாச எண்ணெய், கடலைமாவு, சர்க்கரைக்கு இப்பவே மாசம் 200 தனி டப்பாவுல போட்டு வைங்க.